‘வேண்டாம்’ என்று சொல்ல ஓர் அறை

நீங்கள் மூன்று பேரும் நம் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறதாம். இதற்குள் ரத்த வகை, திசுப் பொருத்தம், மருந்து நேரம் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி ஆகியிருக்கும். அதில் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்காதீர்கள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிவிட்டது; எனக்குத் தெரிந்த மருந்துகளில் பாதி இப்போது அலமாரியிலேயே இல்லை. நான் எழுத ஒத்துக்கொண்டது வேறொன்றைப் பற்றி. நான் செய்த ஒரு தப்பையும், அந்தத் தப்பிலிருந்து என்னைக் கரையேற்றிய ஒரு நோயாளியையும் பற்றி.

என் அட்டையில் ‘உறுப்பு மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டிருந்தது. பினாங்கில் அவ்வளவு நீளத்தை யார் சொல்லி முடிப்பது? ஆஸ்பத்திரியில் ஊசியும் ஃபைலுமாக நடப்பவள் எவளானாலும் இங்கே அவள் மிஸ்ஸிதான். இருபத்தாறு வருடம் நானும் மிஸ்ஸியாகவே இருந்தேன். சிறுநீரகம் தேவைப்படுகிறவரையும் கொடுக்க முன்வருகிறவரையும் ஒவ்வொரு பரிசோதனையாகக் கூட்டிக்கொண்டு போவது, அறுவைக்குக் கோலாலம்பூருக்கு அனுப்புவது, திரும்பி வந்ததும் வருடக்கணக்கில் கையை விடாமல் பிடித்து வைத்திருப்பது. இதுதான் என் வேலை.

இதில் ஒரு கட்டம் மட்டும் எந்த இயந்திரமும் செய்ய முடியாதது. கொடுக்க வந்தவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது. கூட அம்மா இருக்கக் கூடாது, கணவன் இருக்கக் கூடாது, நோயாளியும் இருக்கக் கூடாது. மருந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன அறையில் உங்களையும் உட்கார வைத்திருப்பார்கள். உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமா, இல்லையென்றால் இப்போது சொல்லலாம், வெளியே யாருக்கும் தெரியாது என்று அங்கேதான் கேட்போம். யாராவது வேண்டாம் என்று சொன்னால், ‘மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை’ என்று குடும்பத்திடம் சொல்லிவிடுவது அப்போது வழக்கம். தங்கையோ தம்பியோ சொந்தக்காரர்கள் வாயில் விழாமல் தப்பிக்கட்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நல்ல எண்ணத்தில் ஏற்பட்டதுதான். அதை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு பெண்ணைக் குழியில் தள்ளினேன்.

ஷாகுலுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சூலியா தெருவில் அவர்கள் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடை. அதில் தே, அதாவது டீ, கலக்கும் இடம் அவருடையது. நாள் முழுக்க இரண்டு குவளைகளை மேலும் கீழும் இழுத்து, மற்றவர்களுக்கு நுரை பொங்க ஊற்றிக் கொடுப்பார். அவர் குடிக்கலாம் என்று நாங்கள் அனுமதித்ததோ ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதுவும் குழம்பு ரசம் எல்லாம் சேர்த்து. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரம்தான் அதை எடுக்க வேண்டும். பினாங்கு வெயிலில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார். நான்கு வருடம் அப்படி. ஒரு தடவைகூட அளவுக்கு மேல் எடை ஏறி வந்ததில்லை. டயாலிசிஸ் மிஸ்ஸிகள் மற்ற நோயாளிகளைத் திட்டும்போது இவர் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். பாவம், அதனாலேயே அவருக்கு அங்கே இரண்டு மூன்று எதிரிகள்.

அவர் மனைவி ரஹ்மத் முதல் நாளே கொடுக்க முன்வந்தவர். ரத்த வகை சேரவில்லை. அன்றைய நிலையில் அதற்கு மேல் பேச்சில்லை. உம்மாவுக்குச் சர்க்கரை. அத்தா என்று அவர்கள் கூப்பிட்ட அப்பா இல்லை, அவரும் இதே நோயில், டயாலிசிஸில் இருந்தபோதே போய்ச் சேர்ந்தவர். மிச்சம் இருந்தது, ஷாகுலை ‘நானா’ என்று கூப்பிடும் தங்கை நஸ்ரின். வயது இருபத்தேழு, கெலுகோரில் ஒரு பேங்க்கில் வேலை. பட்டர்வொர்த்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்து, ஆறு மாதத்தில் நிக்காஹ் என்று இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கும்போது, நான் தருகிறேன் என்று நஸ்ரினே சொல்லியிருக்கிறாள். உம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளிடம் மறுபடி கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்?

பரிசோதனை எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தம். ரத்தம் சேர்ந்தது, திசு சேர்ந்தது, இரண்டு சிறுநீரகமும் நன்றாக வேலை செய்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியாக அந்த அறைக்குக் கூப்பிட்டேன்.

கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கேட்டு முடிப்பதற்குள், சம்மதம் சம்மதம் என்று இரண்டு தடவை சொன்னாள். அவ்வளவு வேகமாக வரும் சம்மதத்தை நம்பாதீர்கள். நான் இப்படிக் கேட்டேன்:

“நான் உங்க உம்மாவைக் கேக்கலம்மா. உங்களைக் கேக்குறேன்.”

அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள். “அத்தா மிஷின்லயே போய்ட்டாரு மிஸ்ஸி. இப்ப நானாவுக்கு. அடுத்தது நான்தானோன்னு சின்ன வயசுலேருந்து பயம். ஒண்ணைக் குடுத்துட்டு மிச்சத்தை வச்சுக்கிட்டு ஒவ்வொரு நாளும் எப்படி இருப்பேன்? ஆனா வேணாம்னு சொன்னா நான் மனுஷியா?”

மனுஷிதான், மனுஷங்கதான் பயப்படுவாங்க என்றேன். அவளுடைய பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று நான் வாதாடவில்லை. டாக்டரோடு பேசிப் பார்க்கிறாயா என்று ஒரு தடவை கேட்டேன், தலையை ஆட்டி மறுத்தாள். இதோடு முடிந்தது, இனி எங்கள் பொறுப்பு என்று சொல்லி, முகம் கழுவிக்கொண்டு போகச் சொன்னேன். இதுவரை நான் செய்தது எல்லாம் சரி. இன்றைக்குச் செய்தாலும் அப்படித்தான் செய்வேன்.

மறுவாரம் குடும்பத்தைக் கூப்பிட்டு, பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்னார். ஷாகுல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். உம்மா விடவில்லை. லிஃப்ட் வரை என் பின்னாலேயே வந்தார். ரத்தம் ஒன்று, டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, இப்ப என்ன பொருந்தலன்னு கேட்டார். மேல் மாடியில் இன்னும் மூன்று குடும்பம் காத்திருந்தது. லிஃப்ட் கதவு திறந்தது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதாவது சொல்லி அனுப்பினால் போதும் என்ற நினைப்பில் சொன்னேன்: “அவங்க கிட்னியிலயே சின்னதா ஒரு பிரச்சினை இருக்கும்மா. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல.”

லிஃப்டில் ஏறிக்கொண்டேன். சமாளித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

‘பொருந்தவில்லை’ என்பதோடு நின்றிருந்தால் அது ஒரு மூடிய கதவு. நான் அந்தப் பொய்க்குக் கண் காது மூக்கு எல்லாம் வைத்து நடக்கவிட்டேன். அப்பனுக்கு, மகனுக்கு, இப்போது மகளுக்கும் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். சூலியா தெருவில் ஆரம்பித்த பேச்சு ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போய்ச் சேர ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சண்டை போடவில்லை. மரியாதையாக, நஸ்ரினுடைய மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிக்காஹ் தேதியை வைத்துக்கொள்வோமே என்று சொல்லி அனுப்பினார்.

பேங்க் சீருடையோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் நஸ்ரின் என்னைத் தேடி வந்தாள். என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரிப்போர்ட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் காட்டினால் மாப்பிள்ளை வீடு திருப்தியாகிவிடும். ஆனால் அதே தாளை உம்மா பார்த்தால், எல்லாம் நன்றாக இருந்தும் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி வரும். காட்டாவிட்டால் கல்யாணம் நிற்கும். காட்டினால், அண்ணனுக்கு இல்லையென்று சொன்னவள் என்ற பேர் ஆயுசுக்கும் நிற்கும். இரண்டு பக்கமும் நான் எழுப்பிய சுவர்.

அவளே ஒரு வழி சொன்னாள். “நான் குடுத்துடறேன் மிஸ்ஸி. முதல்ல தப்பா பாத்துட்டோம், இப்ப சரியாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. எல்லாருக்கும் எல்லாம் முடிஞ்சிடும்ல?”

பிள்ளைகளா, அந்த நிமிஷத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்கு ‘சரி’ என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் ஷாகுலுக்குச் சிறுநீரகம் கிடைக்கும், இவள் கல்யாணம் நடக்கும், என் பொய் யாருக்கும் தெரியாமல் கரைந்து போகும். மூன்று பேருக்கும் லாபம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நான் செய்த ஒரே நல்ல காரியம், உடனே பதில் சொல்லாமல் இருந்தது. திங்கட்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, நேராக டாக்டரிடம் போய் லிஃப்டில் நான் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், சீனர், வார்த்தையைச் செலவழிக்காதவர். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு இப்போது எத்தனை வழி திறந்திருக்கிறது என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். அப்படியென்றால் அது சம்மதம் ஆகாது, எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அவளுடைய அனுமதி இல்லாமல் யாரிடமும் வாய் திறக்கவும் முடியாது. யாரிடம் சொல்லலாம் என்று அவளையே கேளுங்கள் என்றார்.

திங்கட்கிழமை நான் முதலில் நஸ்ரினிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் யோசித்து, நானாவிடம் மட்டும் சொல்லலாம், வேறு யாருக்கும் கூடாது, ஆனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர் முகத்தைப் பார்த்து என்னால் முடியாது என்றாள்.

ஷாகுலுடைய டயாலிசிஸ் காலை நேரத்தில். இடது கையில் இரண்டு ஊசி, ரத்தம் வெளியே போய் இயந்திரத்தைச் சுற்றி உள்ளே வந்துகொண்டிருந்தது. எழுந்து போக முடியாத ஒரு மனிதரிடம் போய் இதைச் சொல்கிறோமே என்று எனக்குக் கூச்சம். ஆனால் வீட்டில் சொல்ல முடியாது, கடையில் சொல்ல முடியாது. பக்கத்து நாற்காலிக்காரர் அன்று வரவில்லை. திரையை இழுத்துவிட்டு, முதலில் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன், பிறகு நஸ்ரின் அறையில் சொன்னதை, பிறகு பட்டர்வொர்த் விஷயத்தை, கடைசியாக அவள் இப்போது கொடுக்கத் தயாராக இருப்பதை.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலித்திருக்கிறது. வலிக்காமல் எப்படி இருக்கும்? நான்கு வருடம் தண்ணீர் குடிக்காமல் இருந்தவரிடம், உனக்குக் கிடைக்க வேண்டியது பக்கத்து அறையில்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறேன். இயந்திரம் ஒரு தடவை கூவியது, மிஸ்ஸி ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவள் போனபிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

“அழுதாளா?”

ஆமாம் என்றேன்.

“நான்தான் அவளோடத வேணாம்னு சொல்லிட்டேன்னு வச்சுக்குவோம் மிஸ்ஸி.”

இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியாது அண்ணே, ஒன்றே போதும் என்றேன்.

“பொய் ஏன் லா? நோயாளிக்கும் வேணாம்னு சொல்ல உரிமை இருக்குதானே? இப்பக் குடுக்குறேங்கிறா. இப்ப நான் வேணாங்கிறேன். பேப்பரைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். அப்புறம் அது உண்மைதானே.”

உரிமை இருந்தது. கொடுக்கிறவருக்கு இருப்பது போலவே பெறுகிறவருக்கும் இருந்தது. அத்தனை வருடத்தில் எந்த நோயாளியும் அந்த உரிமையைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். டாக்டர் வந்தார். இதனால் என்ன இழக்கிறீர்கள், எவ்வளவு நாள் காத்திருக்க நேரலாம், அதில் என்ன ஆபத்து என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஷாகுல் எல்லாவற்றுக்கும் தெரியும் தெரியும் என்றார். ஊசி இல்லாத வலது கையால் கையெழுத்துப் போட்டார். தங்கையின் சிறுநீரகத்தை ஏற்க விரும்பவில்லை என்று ஒரே வரி.

அந்த ஆளின் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. உறுப்பைக் கொடுத்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் பெரிய மனசுக்காரர்கள்தான், அவர்களுக்கு மாலை போடாத குறையாக எல்லோரும் கொண்டாடுவார்கள். ஷாகுல் செய்ததை யாரும் கொண்டாட முடியாது, ஏனென்றால் யாருக்கும் தெரியக் கூடாது. அதோடு திட்டும் வாங்க வேண்டும்.

வாங்கினார். நஸ்ரின் நன்றாகத்தான் இருக்கிறாள், மிஸ்ஸி என்னவோ மாற்றிச் சொல்லிவிட்டார், கல்யாணம் ஆகப் போகிற பெண்ணிடம் வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். நஸ்ரின் ரிப்போர்ட்டைக் காட்டினாள். பட்டர்வொர்த்தில் தேதி குறித்தார்கள். சூலியா தெருவில் புயல் அடித்தது. உம்மா இரண்டு மாதம் மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் பிள்ளைகளை நினைச்சியாடா என்பது மட்டும்தான் பேச்சு. மாமாமார்கள் வந்து புத்தி சொன்னார்கள். கடைக்குத் தே குடிக்க வந்தவர்கள்கூட ஆளுக்கு ஒரு உபதேசம் வைத்துவிட்டுப் போனார்கள். என் உடம்பு, என் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டு அவர் குவளையை இழுத்துக்கொண்டிருந்தார்.

ரஹ்மத் என்னிடம் வந்து அழுததுதான் எனக்குக் கஷ்டம். “என்னையும் பிள்ளைங்களையும்விட அவருக்கு ரோஷம் பெரிசாப் போச்சா மிஸ்ஸி?” என்று கேட்டார். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று தங்கை கேட்டதற்காக அவர் மனைவியிடமும் சொல்லவில்லை. நானும் சொல்ல முடியாது. ரஹ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரர் லேசுப்பட்டவர் இல்லை என்று மட்டும் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

நிக்காஹுக்கு நானும் போனேன். தட்டில் நெய்ச்சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தங்கச்சி ஆசையாகக் கொடுக்க வந்தாள், இவன்தான் வேண்டாம் என்றுவிட்டான் என்று என்னிடமே புகார் சொன்னார். சொல்லும்போதே ஷாகுல் வந்து என் தட்டில் இன்னொரு கரண்டி டால்ச்சா ஊற்றிவிட்டு, சாப்பிடுங்க மிஸ்ஸி என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பத்து மாதம் கழித்து அவருடைய கையில் டயாலிசிஸுக்காகச் சேர்த்துத் தைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்வதற்குள் நுரையீரலில் தண்ணீர் கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் கிடந்தார். வெளியே நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள், ஐந்து மாத வயிற்றோடு. இப்போது கொடுக்க நினைத்தாலும் அவளால் முடியாது. நான்தானே மிஸ்ஸி இதுக்குக் காரணம் என்றாள். நோய்தான் காரணம் என்றேன். அப்படித்தான் நம்பவும் நம்பினேன். ஆனால் அந்த ஆறு நாளும் மாதா கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றபோது, என் வாயை நினைத்துத்தான் நின்றேன்.

அவர் பிழைத்து எழுந்தார். அதற்குள் நல்ல காலமாக ஒரு வழி திறந்திருந்தது. ரத்த வகை சேராதவரிடமிருந்தும் வாங்கலாம். முன்கூட்டியே மருந்து கொடுத்து, எதிர்க்கும் பொருளை ரத்தத்திலிருந்து வடித்து எடுத்துவிட்டுச் செய்யலாம் என்று அந்தச் சிகிச்சை நம் நோயாளிகளுக்கும் வந்தது. ஆபத்து கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு தடவை வரும்போதும், நான் கொடுக்க ஒரு வழியும் இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்த ரஹ்மத்தை அந்த அறைக்குக் கூட்டிப் போனேன். என் கேள்வியை நான் பாதிதான் கேட்டிருப்பேன்.

“தங்கச்சியோடத வேணாம்னாரு. என்னோடதையும் வேணாம்னா நான் சும்மா விட மாட்டேன் லா. இதை அப்படியே எழுதிக்குங்க.”

அப்படியும் நான் விடவில்லை. வேறு வேறு மூன்று நாளில் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை, மிஸ்ஸி உங்களுக்குக் காது கேக்காதா என்றார். அந்தச் சம்மதத்தை நான் நம்பினேன்.

ரஹ்மத்தின் சிறுநீரகத்தை ஷாகுலுக்கு வைத்து இப்போது ஒன்பது வருடம். அந்தச் சிறுநீரகம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஒரு சிறுநீரகம் நீடிப்பதற்கு அறுவை செய்தவரின் கை ஒரு காரணம் என்றால், அதற்குப் பிறகு வருகிற ஆயிரக்கணக்கான சாதாரண நாட்கள்தான் மற்ற காரணமெல்லாம். கடையில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் மருந்து நேரத்துக்கு ஃபோன் மணி அடித்தால் ஷாகுல் குவளையைக் கீழே வைத்துவிட்டு மாத்திரையை எடுப்பார். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள், மணி அடித்ததும் அவர்களே தண்ணீரை நகர்த்தி வைக்கிறார்கள். நோன்பு மாதத்துக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்குக்கு வந்து, இந்த வருடம் பிடிக்கலாமா, பிடித்தால் மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்பார். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன வருடங்களில் முகத்தைத் தூக்காமல் கேட்டுக்கொண்டார். தன் பழைய டயாலிசிஸ் சென்டருக்கு மாதம் ஒருமுறை போய், ரத்த வகை சேரவில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவிமார்களையும் கணவன்மார்களையும் போய்க் கேளுங்கள் என்று அங்குள்ள நோயாளிகளை விரட்டிவிடுகிறார். பாலிக் புலாவிலிருந்து வந்த இரண்டு பேர் அவர் விரட்டி வந்தவர்கள்தான். நாங்கள் அச்சடித்த எந்தத் துண்டறிக்கையும் அவ்வளவு பேரைக் கொண்டுவரவில்லை.

நம் பிரிவிலும் ஒன்று மாறியது. இப்போது முதல் நாளே, பரிசோதனை தொடங்கும் முன்னால், குடும்பம் முழுவதையும் உட்கார வைத்து நீங்கள் சொல்கிறீர்களே: எடுக்கிறோம், எடுக்கவில்லை என்று மட்டும்தான் சொல்வோம், காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம், பெற்ற தாய்க்கும் சொல்ல மாட்டோம் என்று. அந்த வாசகம் உங்களுக்கு முரட்டுத்தனமாகப் படலாம். போன மாதம் உங்களில் ஒருத்தி அதைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து கை வைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்வதால் அதில் யார் மேலும் சந்தேகம் விழாது. லிஃப்ட் வரை ஒரு தாய் உங்கள் பின்னால் வருவார். உங்களுக்கு இரக்கம் வரும். அப்போதும் அதே வாசகம்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ஷாகுல் வழக்கமான பரிசோதனைக்கு வந்திருந்தார். நஸ்ரின்தான் காடி ஓட்டி உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வருடா வருடம் தன் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்கிறாள், நன்றாக இருக்கிறது. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் நலம் விசாரித்தேன். உம்மா பழைய பாட்டை ஆரம்பித்துவிட்டார். அன்னிக்கே தங்கச்சி குடுத்தப்ப வாங்கியிருந்தா ஐசியூ எல்லாம் பாத்திருக்க வேணாம், கேட்டானா, திமிர் புடிச்சவன் என்று. நான் வழக்கம்போல் ஃபைலைப் பார்த்தேன். ஷாகுல் வழக்கம்போல் சிரித்தார்.

நஸ்ரின் சொன்னாள். “உம்மா, நானா வேணாம்னு முதல்ல சொல்லல. நான்தான் சொன்னேன். எனக்குப் பயமா இருந்துச்சு. அதை மறைக்கத்தான் நானா தன் மேல போட்டுக்கிட்டாரு.”

ஷாகுல் அவளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். அவள் நிறுத்தவில்லை; அந்த அறையில் அழுதது, என் லிஃப்ட் பேச்சு, பட்டர்வொர்த், கையெழுத்து, எல்லாவற்றையும் அங்கேயே சொல்லி முடித்தாள்.

உம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இத்தனை வருஷமா உன்னைத் திட்டுனேனேடா.”

“திட்டுனா என்ன உம்மா. சோத்தைப் போட்டுட்டுத்தானே திட்டுனீங்க.”

உம்மா சிரிக்கவில்லை. மகளிடம், என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

“சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க உம்மா?”

ஏதாவது இதமாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அவசரப்படவில்லை. கணவரையும் மகனையும் ஒரே இயந்திரத்தில் பார்த்த அந்தத் தாய், நன்றாக யோசித்துவிட்டு, பொய் இல்லாமல் சொன்னார்.

“குடுன்னுதான் சொல்லியிருப்பேன்.”

சொல்லிவிட்டு மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஷாகுலின் நம்பரைக் கூப்பிட்டார்கள், அவர் எழுந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனார். அவர் திரும்பி வரும்வரை உம்மா அந்தக் கையை விடவில்லை.